கோழிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியவள்

விளக்கை அணைத்துப் படுத்த பிறகு பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். கர்ர்... டொக். கர்ர்... டொக். யாரோ நகத்தால் பலகையைக் கீறிவிட்டு ஒரு தட்டும் தட்டுவது போல. கிரிவலப் பாதைக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கும் வீடு எங்களுடையது. பௌர்ணமிக்கு விடிய விடிய காலடிச் சத்தம் கேட்டே தூங்கிப் பழகியவள் நான். ஆனால் இது வேறு. என் கணவரை எழுப்பி டார்ச் அடித்துப் பார்த்தால் திருடனும் இல்லை, பாம்பும் இல்லை. எங்கள் கோழிகள்தான். கூண்டுக்குள் தூங்காமல் நின்று, கால் மாற்றி கால் மாற்றி உடம்பைச் சொறிந்துகொண்டிருந்தன.

நாட்டுக்கோழி முட்டை விற்பதில் பாதி வேலை கோழியின் அரிப்பைப் பார்ப்பதுதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டில் நாலு கோழி வைத்திருக்கும் சகோதரிகளே, உங்களுக்காவது யாராவது சொன்னார்களா? காலையில் பார்த்தால், தவழ ஆரம்பித்திருக்கும் என் மகள் யாழினியின் கழுத்திலும் கையிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள். குழந்தை டாக்டர் பூச்சிக்கடி என்று சொல்லி லோஷன் எழுதிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. "இன்னொரு தடவ கடிச்சுதுனா கோழி இந்த வீட்ல இருக்காது, வினோ."

பென்சில் சோதனை

நான் படித்த கான்வென்ட்டில் பிரேயர் முடிந்ததும் சிஸ்டர் ஒரு பென்சிலோடு வருவார். அதன் முனையால் ஒவ்வொருத்தி தலையையும் வகிடு பிரித்துப் பார்ப்பார். பேன் இருந்தால் வரிசையை விட்டுத் தள்ளி நிற்கணும். அங்கே படித்ததில் இந்தத் தொழிலுக்கு உதவியது அது ஒன்றுதான். செவலைக் கோழியைப் பிடித்து மடியில் மல்லாத்தி, வால் பக்கத்து இறகைப் பென்சிலால் பிரித்தேன். இறகின் அடியில் சர்க்கரை ஒட்டிய மாதிரி வெள்ளை வெள்ளையாக ஈர். வெளிச்சம் பட்டதும் வைக்கோல் நிறத்தில் பேன்கள் சிதறி ஓடின.

நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது முட்டை வாங்க வந்த எதிர்வீட்டு மல்லிகா அக்கா, கூடையோடு அப்படியே நின்றுவிட்டார். "இன்னாம்மா, முட்டை வருதானு உள்ளயே எட்டிப் பாக்குற? அவசரம் இல்ல, நான் நாளைக்கே வரேன்."

வெள்ளிக்கிழமைக் குளியல்

பேனுக்கு என்ன வைத்தியம்? எண்ணெய், சீயக்காய். நமக்குத் தெரிந்தது அதுதானே! வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வேப்பெண்ணெயை லேசாகச் சூடு பண்ணி, கழுத்திலிருந்து வால்வரை ஒவ்வொன்றுக்கும் தேய்த்து ஊறவைத்தேன். பிறகு சீயக்காய், வெந்நீர். நனைந்த கோழியைப் பார்த்திருக்கிறீர்களா? பாதிக் கோழி காணாமல் போய்விடும். மிச்சப் பாதி நம்மை முறைக்கும். அந்த நேரம் பார்த்து மேகம் இறங்கி மலையே தெரியவில்லை. கோழிகளெல்லாம் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்துவிட்டன. செத்துப்போய்விடுமோ என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. குழந்தையின் டவலால் துவட்டி, என் ஹேர் டிரையரைப் போட்டு, ஒவ்வொன்றாகக் காயவைத்தேன்.

டவுனில் மொபைல் கடையை மூடிவிட்டு வந்த இவர் வாசலிலேயே நின்று பார்த்தார். "சாம்பிராணி மட்டும் ஏன் கம்மி பண்ண? அதையும் போட்டு, ஆளுக்கொரு முழம் பூ வெச்சு விட்டுடு."

கட்டைப்பையில் ஒரு பேஷண்ட்

குளிப்பாட்டியும் சத்தம் நிற்கவில்லை. செவலையைக் கட்டைப்பையில் வைத்து, தலை மட்டும் வெளியே தெரிய, ஷேர் ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் வயசுதான் இருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு. கோழியின் கொண்டையைப் பார்த்து, ரத்தம் குறைந்து வெளுத்திருக்கிறது என்றார். பேன் என்பது கோழி மேலேயே குடியிருப்பது. அது போக செள்ளு என்று ஒன்று உண்டு, கடுகைவிடச் சின்னது. பகலெல்லாம் கூண்டின் இடுக்கில் ஒளிந்திருக்கும். இருட்டினதும் வந்து ரத்தம் குடித்து, சிவந்துபோய்த் திரும்பிவிடும். பக்கத்தில் மனிதர்கள் படுத்திருந்தால் அவர்களையும் கடிக்கும்.

பவுடர் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை போடணும், முதல் தடவை தப்பிய பூச்சி முட்டை அதற்குள் பொரிந்திருக்கும் என்றார். தான் சொல்கிறவரை கோழி முட்டையை யாருக்கும் விற்கக் கூடாது என்றும் சொன்னார். நான் எண்ணெய்க் குளியல் கதையைச் சொன்னதும் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "கோழிய நல்லாத்தான் குளிப்பாட்டி இருக்கீங்க. கூண்டை யாருங்க குளிப்பாட்டுறது?"

கட்டிலுக்கு அடியில்

கூண்டைக் குளிப்பாட்டினேன். கொதிக்கிற தண்ணீரை இடுக்கிலெல்லாம் ஊற்றி, வெயிலில் காயவைத்து, சுண்ணாம்பு அடித்தேன். கோழிகளுக்குப் பவுடர் தூவி, அவை புரள உடைந்த பேசினில் சாம்பலும் காய்ந்த மண்ணும் கலந்து வைத்தேன். ராத்திரி அவை உட்காரும் கட்டையில் வெள்ளைத் துணியைச் சுற்றி, காலையில் அவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. கோழிகள் தூங்கின. ஆனால் யாழினியின் தோளில் புதுசாக ஒரு தடிப்பு.

இவர் கண்ணில் படும் முன்னால் அவளுக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, கருப்பி! அது அடைக்கு உட்கார்ந்திருந்ததால் குளியல், பவுடர் எதிலும் சேரவில்லை. கீரி வந்துவிடும் என்ற பயத்தில் கூடையோடு தூக்கி வந்து எங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். மேலே குழந்தை, கீழே கருப்பி, ரெண்டு பேரையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று. கூடையை இழுத்துத் திருப்பினால், பின்னலுக்குள் சிவப்புத் தூள் ஊர்ந்துகொண்டிருந்தது. நான் போட்ட கத்தலில் மல்லிகா அக்கா ஓடி வந்தார். "கீரிக்கு பயந்து செள்ளை உள்ள கூட்டினு வந்து, கொழந்தை பக்கத்துல படுக்க வெச்சியா? நல்லா இருக்கும்மா உன் காவலு!"

அவரவர் வீடு

கூடையை எரித்தேன். மெத்தை வெயிலுக்குப் போனது, விரிப்பெல்லாம் வெந்நீருக்குப் போனது. கருப்பிக்குப் பவுடர் தூவி, மண் சட்டியில் புது மணல் கொட்டி, முட்டைகளோடு கூண்டில் ஒரு பக்கம் வைத்தேன். கூண்டைச் சுற்றி இவர் கம்பி வலை அடித்தார். இடம் மாறினால் அடையை விட்டு எழுந்துவிடுமோ என்று அதற்கும் பயந்தேன். கருப்பி ஒரு சுற்றுச் சுற்றி, முட்டைகளைக் காலால் ஒதுக்கிச் சரிபண்ணி, உட்கார்ந்துவிட்டது. அடுத்த தவணைப் பவுடரும் முடிந்தது. யாழினியின் உடம்பில் இப்போது ஒரு தடிப்பு கிடையாது.

இருந்தாலும் கீரி வந்தால் கூண்டுக்கு ஓட வசதியாக இருக்கட்டும் என்று பின்கதவைத் தாழ் போடாமலே படுத்துக்கொண்டிருந்தேன். திருடன் வந்தால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை. இன்றைக்கு இவர் கண்டுபிடித்துவிட்டார். "கருப்பி அது வீட்ல நிம்மதியா தூங்குது. நீயும் உன் வீட்டைப் பூட்டிட்டு வந்து தூங்கு, வினோ."

கோழியைப் பிடித்த பேனும் செள்ளும் ஒருவழியாக ஒழிந்துவிட்டன, என்னைப் பிடித்த பயத்துக்குத்தான் இன்னும் பவுடர் கிடைக்கவில்லை என்றாலும், இதோ, எழுந்துபோய்ப் பின்கதவை உள்பக்கம் தாழ் போட்டுவிட்டேன்.