தேசிக்காய் பட்ட சினை

கிண்ணியா ஸுல்பிகா டீச்சருக்கு ஒரு கெட்ட பழக்கம், எதையும் கேளாமல் விடமாட்டார். கல்யாண வீட்டுப் பாயாசம் ஏன் அடிப்பிடித்தது என்று சமையல்காரரைக் குடைந்து, மனுசனை அகப்பையோடு ஓட வைத்தவர்.

எழுபத்துநாலில், பெண்பிள்ளைகளுக்கு உயர்தர விஞ்ஞான வகுப்பு வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார். பெற்றார் சங்கத் தலைவரான மர வியாபாரி கலீலுர் றஹ்மானோ, "பொம்புளப் புள்ளைகளுக்கு அது என்னத்துக்கு?" என்று இழுத்தடித்தார். கடைசியில், பாடத்தைக் கண்ணால் பார்த்து முடிவு சொல்வதாக ஒரு சனிக்கிழமை சங்கமே பாடசாலைக்கு வந்தது.

அன்று ஸுல்பிகா காட்ட நினைத்தது டி.என்.ஏயை. தாயின் மூக்கையும் தகப்பனின் முன்கோபத்தையும் பிள்ளைக்குக் கொண்டுபோகிற இழை அது. ஆண் மீனின் வெள்ளைச் சினையில் மண்டிக் கிடக்கும். சினையை உப்பும் சவர்க்காரமும் கலந்த நீரில் கரைத்து, மேலே குளிர்ந்த ஸ்பிரிட் ஊற்றினால் வெள்ளை நூலாகத் திரளும், கண்ணாடிக் கோலில் சுற்றியே எடுக்கலாம். முன்பு செய்து பார்த்தபோது அழகாக வந்தது.

அன்று வரவில்லை. எவ்வளவு சுற்றியும் கோலில் பிடிபட்டது திரைந்த பால் மாதிரிச் சில கட்டிகள்தான். பெற்றார் சிரிக்கத் தொடங்கினார்கள். வகுப்புக் கைவிட்டுப் போகிறதே என்று ஸுல்பிகா இன்னும் வேகமாகக் கோலைச் சுற்றினார்.

வாசலில் நின்ற அவருடைய உம்மா, உம்மு குல்சும், மெல்லச் சொன்னார்: "நல்லாத்தானே சினையக் கழுவித் தந்தனான் புள்ள. தேசிக்காப் புளியும் விட்டு ஊறப்போட்டனான். சபைக்கு முன்னால வெடுக்கு மணந்தா நமக்குத்தானே வெக்கம்?"

மீன் வெடுக்குப் போகத் தேசிக்காய் பிழியாத குசினி அந்த ஊரில் ஏது? வேறொருத்தியென்றால் தாயைக் கடித்துக் குதறியிருப்பாள். இவருக்கு வெட்கமே மறந்துபோயிற்று. தேசிக்காய், எலுமிச்சை எல்லாமே அமிலம்! பேராதனையில் படித்தபோது ஒரு சஞ்சிகையில் வாசித்திருந்தார். அமிலம் ஏறினால் சோடியாக முறுகியிருக்கும் டி.என்.ஏ இழைகள் பிரிந்துவிடும். ஆய்கூடத்தில் செய்த சில இழைகளோ, அமிலத்தில் மட்டும், வழக்கமான சோடியை விட்டுத் தம்மைப் போன்ற இழையோடேயே சேர்ந்து முறுகும். வாசித்ததை அப்படியே சபைக்குச் சொன்னார்.

தலைவர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "அப்ப இதுக்குள்ள என்ன நடந்திருக்கு? பிரிஞ்சிட்டா, மாறிச் சேந்திட்டா?"

"தெரியா."

"எவ்வளவு புளி விட்டா இப்பிடியாகும்?"

"அதுவும் தெரியா. துளித் துளியா விட்டுப் பாக்கோணும். தனிய எனக்கு ஏலாது."

பின்வரிசையில் ஒருவர், "டீச்சருக்கே தெரியாதெண்டா நம்மட புள்ளைகளுக்கு என்னத்தப் படிப்பிக்கிற?" என்றார். கூட்டம் மறுபடி சிரித்தது. தலைவர் திரும்பி முறைத்த முறைப்பில் சிரிப்பு அடங்கியது. அவர் கண்ணாடிக் கோலை வாங்கி, அந்தக் கட்டிகளைக் கிண்டிக் கிண்டிப் பார்த்தார்.

"திங்கக்கிழம வகுப்பத் தொடங்குங்க, டீச்சர். என்ட மகள் அசனா வருவா. விடைய நீங்க ரெண்டு பேரும் கண்டுபிடிச்சு எனக்கு வந்து சொல்லுங்க."

ஸுல்பிகா சபையென்றும் பாராமல், தேசிக்காய் மணத்த உம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.