கொழும்பு ஆஸ்பத்திரியில் எட்டு நாள்

போன வெள்ளிக்கிழமை ராஜபாளையத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ஆண்டாளைக் கும்பிட என்று வீட்டில் சொன்னேன். பாதி பொய். கனி ராவுத்தர் கொழும்புக் கடையை மூடிவிட்டு ஊரோடு வந்துவிட்டார், பஜாரில் ஜவுளிக்கடை போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவரோடு எனக்கு ஒரு சண்டை மிச்சம் இருந்தது... ஆறு வருஷத்துச் சண்டை.

நான் கோபத்தைச் சீக்கிரம் விடுகிறவள் இல்லை. வாராவாரம் இதைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும்.

அப்போது நான் கொழும்பில் மகன் வீட்டில் இருந்தேன். துறைமுகத்தில் அவனுக்குக் கிளார்க் வேலை. கம்பெனி அவனை மலைத் தோட்டங்களுக்கு அனுப்பியிருந்த சமயம் பார்த்து எனக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கட்டி. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டேன். எருக்கிலையை வாட்டிக் கட்டினேன். கேட்கவில்லை. காய்ச்சல் கண்டு நினைவு தப்பிவிட்டது. அடுத்த தெருவில் கடை வைத்திருந்த நம் ஊர்ப்பக்கத்து ராவுத்தர்தான் ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மகன் எந்தத் தோட்டத்தில் இருக்கிறான் என்று தெரியாமல் நாலு இடத்துக்குத் தந்தியும் கொடுத்தார்.

கத்தி வைத்துக் கீற வேண்டும், விட்டால் விஷம் ஏறி உயிர் போய்விடும் — வெள்ளைக்கார டாக்டர் சொன்னதை ராவுத்தர்தான் எனக்குத் தமிழில் சொன்னார். முடியாது என்றேன்.

கத்திக்குப் பயமா? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. செத்துப்போனால், இவள் இன்னாருடைய தாய் என்று சொல்லக்கூட அங்கே ஆள் கிடையாது. அநாதை என்று எழுதிப் புதைத்துவிடுவார்களே...

ராவுத்தர் எழுந்து வாசல் பக்கம் திரும்பினார். நம் பக்கத்து வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது யாரும் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்வதில்லை. சொன்னால் மறுபடியும் அந்த வாசலை மிதிக்க வேண்டிவரும் என்று ஒரு நம்பிக்கை. ஆனால் அவருடைய முதுகைப் பார்த்ததும், இனி இவர் வரமாட்டார் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

“ராவுத்தரே, சொல்லிட்டுப் போங்க” என்றேன்.

“இங்க வச்சு அப்படிச் சொல்லப்பிடாதுக்கா.”

“எனக்குத் தெரியாத சாத்திரமா? நாளைக்கு வாரேன்னு சொல்லுங்க. கத்திக்குக் கால நீட்டுதேன்.”

சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு, “நாளைக்கு வாரேன்க்கா” என்றார்.

கீறினார்கள். கண் விழித்தேன். ராவுத்தர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

சாயங்காலம் மணி அடித்ததும் எல்லாக் கட்டிலுக்கும் ஆள் வரும். பக்கத்துக் கட்டில் சிங்களத்திக்கு அக்கா, தங்கை, மாமியார் என்று ஒரு கல்யாணக் கூட்டம். நான் என்ன செய்வேன்? மணிச் சத்தம் கேட்டதுமே சுவர்ப் பக்கம் திரும்பி, தூங்குகிறவள் மாதிரி கண்ணை மூடிக்கொள்வேன். நாதியற்றவள் என்று யாரும் பரிதாபப்படக் கூடாது பாருங்கள்.

காதை மூட முடியுமா? வருகிற செருப்புச் சத்தம் ஒவ்வொன்றும் ராவுத்தருடையதுதானா என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

ஒரு நாள் அந்த மாமியார்க்காரி என் பக்கம் வந்து, என்னவோ அவள் பாஷையில் சொல்லி, உரித்த ஆரஞ்சுப் பழத்தை என் கைக்குள் வைத்தாள். நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அழுதிருப்பேன்.

ஒன்பதாம் நாள் மகன் வந்தான். ராவுத்தர் எப்போதோ ஊருக்குக் கப்பலேறிவிட்டார் என்றான். கோபம் அன்றைக்குப் பிடித்ததுதான். அவர் கொழும்புக்குத் திரும்புவதற்குள் மகன் என்னை ஊருக்கு அனுப்பிவிட்டான்.

வெள்ளிக்கிழமை கடைக்குள் என்னைப் பார்த்ததும் ராவுத்தர் எழுந்து உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. “வாரேன்னு சொன்னீகளே, வந்தீகளா?” என்று கேட்டேன்.

அவர் விரித்துக் கிடந்த சேலையை மடித்துக்கொண்டே பேசினார். “எங்கம்மா சாகக் கெடக்குன்னு அன்னைக்குத்தான் தந்தி வந்துச்சுக்கா. மறுநா காலையில கப்பலு. டிக்கெட்டு சட்டைப் பையிலதான் இருந்துச்சு. சொல்லாமப் போயிட்டா பொய் சொன்னதாகாதுன்னுதான் எந்திரிச்சேன். நீங்க விடலையே.”

“அம்மாவப் பாத்தீகளா?”

“இல்லக்கா. அடக்கம் பண்ணிட்டாக.”

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன்.

எட்டு நாளும் ஒரு பொய்க்காகத்தான் காத்துக் கிடந்திருக்கிறேன். இருக்கட்டும்... மெய்யைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால், அந்தச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு நான் யாருக்காகக் காத்திருப்பேன்?