பெரியவன் இருந்த வீடு

கடலூரில் புயல் அடித்த மறுநாள் காலையில் எங்கள் வாடகை வீட்டுக்குக் கூரை இல்லை. ஓடுகள் பக்கத்து மனையில் நொறுங்கிக் கிடந்தன. இரண்டாயிரத்துப் பதினொன்று முடிகிற நேரம். என் கணவருக்குக் கரண்ட் ஆபீஸில் வேலை. ஊரெல்லாம் மின்கம்பங்கள் படுத்துக் கிடந்ததால், என்னையும் இரண்டு பிள்ளைகளையும் சிதம்பரத்தில் தன் அக்கா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு அன்றைக்கே திரும்பிவிட்டார். "கரண்ட் வந்ததும் கூட்டிட்டுப் போறேன்" என்றார். கரண்ட் கொடுக்க வேண்டியவரே அவர்தான் என்பதால் நானும் நம்பினேன்.

அவர் அக்கா, அதாவது என் அண்ணி, கதவைத் திறந்ததும் அவருக்கு முன்னால் ஒரு நாய் வெளியே வந்தது. அல்சேஷன் கலப்பு. தலை என் இடுப்பு வரைக்கும் வந்தது. நெல்லிக்குப்பத்தில் யாரோ மாற்றலாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போன நாயாம். அண்ணி வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

"பயப்படாத, அவன் ஒண்ணும் பண்ணமாட்டான்" என்றார் அண்ணி. நாய் வளர்க்கிற எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். 'இது கடிக்கும்' என்று சொல்லி யாரும் தங்கள் நாயை அறிமுகப்படுத்தி நான் கேட்டதில்லை. அடுத்து என் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்: "இவந்தான் நம்ம வீட்டுப் பெரியவன். உங்களுக்கு அண்ணன்."

அதோடு என் வாய் அடைத்துப்போயிற்று. அண்ணிக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. சொந்தத்தில் யாரும் அவர் முன்னால் அதைப் பேசமாட்டார்கள். வளைகாப்புக்கு அழைப்பதென்றால்கூட வாசலில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகுதான் உள்ளே வருவார்கள். அவரிடம் போய், 'உங்கள் பெரியவனைக் கட்டிப்போடுங்கள், என் பிள்ளையைக் கடித்துவிடுவான்' என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் ஒண்டிக்கொள்ள வந்த இடத்தில்.

மகளுக்கு ஐந்து வயது. சொன்னால் கேட்பாள். சின்னவனுக்கு இரண்டு முடிந்திருந்தது. அவன் யார் சொல்லியும் கேட்கிறவன் இல்லை. நாயின் வாலைப் பிடித்து இழுப்பான், காதுக்குள் விரலை விடுவான். காதோரம் சுருண்டு வளர்ந்திருந்த அவன் முடிக்குள் நாய் மூக்கைப் புதைத்து மோந்து பார்க்கும். அவன் கெக்கெக்கென்று சிரிப்பான். "பாத்தியா பாசத்த!" என்று அண்ணி பூரித்துப்போவார். நான் அந்தப் பல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னவனை இடுப்பிலிருந்து இறக்குவதையே விட்டுவிட்டேன். சமைக்கும்போதும் இடுப்பில். நாய் அங்கேயும் எக்கி அவன் தலையை மோந்துவிட்டுத்தான் போகும். குளிக்கப் போனால் அவனையும் உள்ளே வைத்துத் தாழ்ப்பாள். கண்ணசந்தால் அறைக்கதவுக்கு வெளியே நாயின் நகம் தரையில் உரசுகிற சத்தம் கேட்கும், எழுந்து உட்கார்ந்துவிடுவேன். திரும்பிப் போகலாமென்றால் அங்கே கூரை இல்லை. இங்கே இருக்கலாமென்றால் மூச்சு முட்டியது. அண்ணி ஒவ்வொரு வேளையும் பிள்ளைகளுக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்துச் செய்து போட்டார். அந்த நல்ல மனசு என்னை இன்னும் இறுக்கியது.

போனில் கணவரிடம் கெஞ்சினேன். "நீங்க சொல்லுங்களேன் உங்க அக்காகிட்ட."

"இதப்போயி எப்படிச் சொல்றது? அக்கா மனசு நொந்துடும்" என்றார். "காடாம்புலியூர் பக்கம் முந்திரித் தோப்புல மரம் எது, கம்பம் எதுன்னே தெரியல. கொஞ்ச நாள் பொறுத்துக்கம்மா."

பொறுத்துக்கொண்டேன். பொங்கலும் அங்கேயே போயிற்று.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை திருவந்திபுரம் போனோம். அண்ணியின் வேண்டுதல். புயலன்றைக்கு எங்கள் போன் கிடைக்காமல், நாங்களெல்லாம் உயிரோடு இருந்தால் சின்னவனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாராம். கணவரும் அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கோயிலுக்கு வந்தார். சுருள்முடி எல்லாம் உதிர, சின்னவன் ஊரைக் கூட்டி அழுதான். மொட்டைத் தலையில் சந்தனத்தைக் குழைத்துப் பூசினோம். கணவர் அங்கிருந்தே வேலைக்குத் திரும்பிவிட்டார். சிதம்பரம் திரும்பும் பஸ்ஸில் சின்னவன் அண்ணி மடியில் தூங்கிவந்தான். அன்றைக்கு முழுக்க நாய் கண்ணில் படாததால் எனக்குச் சோறுகூட ருசித்தது.

வீட்டுக்கு வந்து அண்ணி கதவைத் திறந்தார். குனிந்து செருப்பைக் கழற்றுவதற்காக மட்டும் சின்னவனை இறக்கிவிட்டேன். "அண்ணா" என்று ஓடினான். எப்போதும் போல மோந்து பார்க்கட்டும் என்று தலையை நீட்டிக்கொண்டு நின்றான்.

நாய்க்கு அவனைத் தெரியவில்லை. அது மோந்து பழகிய முடி இல்லை. இருந்தது சந்தன வாசனை மட்டும். இரண்டடி பின்வாங்கியது. முதுகு மயிர் சிலிர்த்தது. நான் அதுவரை கேட்டிராத ஒரு உறுமல். நான் கழற்றிய செருப்பும் கையுமாக நின்றேன். அண்ணிதான் பாய்ந்து கையைக் குறுக்கே கொடுத்தார். பல் அவர் முன்கையில் இறங்கியது. யாரைக் கடித்தோம் என்று தெரிந்ததும் நாய் கையை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, கட்டுப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகு அண்ணி கேட்டார். "பயந்துட்டியா?"

"இல்லண்ணி" என்றேன், பழக்கதோஷத்தில்.

"இப்பக்கூட இல்லன்னு சொல்றா பாரு!" கத்திவிட்டார். "வந்த நாள்லேருந்து புள்ளய கீழ எறக்கல நீ. எனக்குக் கண்ணு தெரியாதா? சொல்லுவ சொல்லுவன்னு பாத்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா கட்டிப்போட்டிருப்பேன்ல?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு..."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. நாய் நாய்தான்னு எனக்குத் தெரியாதா? எனக்குப் புள்ளதான் இல்ல. அறிவுமா இல்ல?"

அண்ணி எழுந்துபோய் அலமாரிக்கு மேலிருந்து ஒரு சங்கிலியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். பழைய வீட்டுக்காரர்கள் நாயோடு கொடுத்தனுப்பியதாம். அவர் ஒருநாளும் அதைப் போட்டதில்லை. "நீயே கட்டு. அப்பத்தான் நீ நிம்மதியா தூங்குவ."

சங்கிலிச் சத்தம் கேட்டதும் நாய் கட்டிலுக்கு அடியிலிருந்து தானாகவே வெளியே வந்தது. என் முன்னால் உட்கார்ந்து கழுத்தை நீட்டியது. சங்கிலியை மாட்டினேன். கொல்லைத் தூணில் கட்டிவிட்டு வந்து, சின்னவனைத் தரையில் இறக்கிவிட்டேன்.

அவன் நேராக அத்தையிடம் ஓடி, கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு "அண்ணன் எங்க?" என்று கேட்டான். அண்ணி கொல்லைப் பக்கம் பார்த்து அழ ஆரம்பித்தார். அவர் அழும்போதெல்லாம் பார்க்காதது மாதிரி எழுந்து போவதுதான் எங்கள் குடும்பத்தில் வழக்கம். நான் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "ரொம்ப பயந்துட்டேண்ணி" என்றேன்.