என் போனில் இருந்த ஆச்சி வீடு

கேமரா மாட்டும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். வயரிங், ரெக்கார்டர் செட்டிங் எல்லாம் யாரிடமும் கற்றுக்கொள்ளலாம். இது நான் செய்த தப்பு. இதை நான்தான் சொல்ல வேண்டும்.

1. யாருடைய நம்பர்

காரைக்குடியில் வள்ளியம்மை ஆச்சி வீட்டுக்கு நான்கு கேமரா போட்டேன். கணவர் மலேசியாவில் வேலை. மகள் சென்னையில் படிக்கிறாள். அவ்வளவு பெரிய வீட்டில் ஆச்சி மட்டும்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும்; எங்கள் பக்கம் நகரத்தார் வீட்டுப் பெண்களை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். வாசலுக்கு ஒன்று, பின்கட்டுக்கு ஒன்று, கார் ஷெட்டுக்கு ஒன்று, வீட்டுக்குள்ளே வளவில், நடு முற்றத்தைப் பார்த்தபடி ஒன்று. வளவு கேமராவில் மைக்கும் உண்டு.

ஆப்பில் அக்கவுன்ட் தொடங்க ஒரு மொபைல் நம்பர் வேண்டும். என் நம்பரைப் போட்டுவிட்டு, ஆச்சி போனுக்குப் படம் மட்டும் தெரியும்படி செய்தேன். சர்வீஸுக்குச் சுலபம் என்று எங்கள் தொழிலில் பலரும் செய்வதுதான். வீட்டுக்காரர்கள் கேட்பதில்லை. ஆச்சியும் கேட்கவில்லை. "படம் தெரியுதுண்ணே, போதும்" என்றார்.

மூன்று வருஷம் அந்த வீட்டு வேலை என்னுடையது. அவர் சொல்லித்தான் அதே தெருவில் இன்னும் ஆறு வீடு கிடைத்தது.

2. வெள்ளி டம்ளர்

செல்வம் தேவகோட்டைக்காரன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். சிரித்த முகம், நல்ல பேச்சு. அவன் தொழிலுக்கு வந்த பிறகு என் கஸ்டமர்கள் ஒவ்வொருவராக அவனிடம் போனார்கள். அவன் பைக் ஒரு தெருவில் நிற்பதைப் பார்த்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் காலை ஆச்சி வீட்டு வாசலில் அந்த பைக் நின்றது. நேராகக் கடைக்கு வந்து, என் போனில் அந்த வீட்டு கேமராவைத் திறந்தேன். வளவில் செல்வம் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். வெள்ளி டம்ளர். எனக்கு அந்த வீட்டில் எப்போதும் எவர்சில்வர்தான். ஆச்சி ஏதோ சொல்ல, அவன் சிரித்தான். என்னைப் பற்றித்தான் என்று முடிவு செய்தேன். சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஃபேன் இரைச்சலில் ஒன்றும் புரியவில்லை.

அதற்குப் பிறகு தினமும் திறந்தேன். அவன் மறுபடி வருகிறானா என்று பார்க்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் வரவில்லை. ஒரு மத்தியானம் ஆச்சி தூணில் சாய்ந்துகொண்டு, போனில் கணவரிடம் அழுதார். "இன்னும் எத்தனை வருஷத்துக்கு நான் இப்படியே கெடக்குறது?" அந்த இடத்திலேயே ஆப்பை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

3. அடாப்டர் வாங்க வந்தவர்

இரண்டு நாள் கழித்து ஆச்சி ஒரு அடாப்டர் வாங்க என் கடைக்கே வந்தார். அதில் சந்தோஷப்பட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"புது ஆளுக்கு வெள்ளி டம்ளர்ல காபியெல்லாம் குடுக்குறீக. நம்மள மறந்துட்டீக."

"அதுக்கு முந்தி ரெண்டு நாளா உங்களுக்குத்தாண்ணே போன் அடிச்சேன். நீங்க எடுக்கல, அதான்..." என்றவர் சட்டென்று நிறுத்தினார். "டம்ளர் விஷயத்த யாரு சொன்னா?"

"செல்வந்தான்."

ஆச்சி அங்கேயே நின்று அவனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு, என்னிடம் சொன்னானா என்று கேட்டார்.

"நானா? கணேசண்ணன்கிட்ட பேசி ஆறு மாசம் இருக்குமே ஆச்சி. என்னாச்சு?"

போனை வைத்துவிட்டு, மேஜைமேல் கிடந்த என் போனைப் பார்த்தார். "இதுல எங்க வீடு தெரியுமா?"

"தெரியும்."

"காட்டுங்க."

காட்டினேன். ஆளில்லாத வளவு. கொடியில் அவருடைய துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"சத்தமும் கேக்குமா?"

போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன்.

"அப்ப முந்தாநாள் நான் அவுககிட்ட பேசுனது..." முடிக்கவில்லை. என் முகமே பதில் சொல்லியிருக்கும். "உங்கள அண்ணேன்னுல்ல கூப்புட்டேன்" என்றார்.

4. கழற்றிய நாள்

மறுநாள் அக்கவுன்ட்டை மாற்றிக் கொடுக்க என்னையும் செல்வத்தையும் வரச் சொன்னார். வாசலில் வைத்து அவன் என் தோளைத் தொட்டான். "விடுங்கண்ணே. எல்லாருந்தான் வச்சிருக்கோம். என் போன்லயே முப்பது வீடு கெடக்கு."

ஆறுதலுக்குத்தான் சொன்னான். நான் நேராக உள்ளே போய் ஆச்சியிடம் அதை அப்படியே சொன்னேன். அவருடைய நல்லதுக்கு என்று சொன்னால் பொய். நான் இழந்த வீட்டில் அவன் உட்கார்ந்து காபி குடிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

"நெசமா தம்பி?" என்று ஆச்சி கேட்டார். செல்வம் தலையைக் குனிந்துகொண்டான்.

"ரெண்டு பேருமாச் சேந்து எல்லாத்தையும் கழட்டிருங்க."

"வாசலுக்கு மட்டுமாச்சும் இருக்கட்டும் ஆச்சி. தனியா இருக்கீக" என்றேன்.

"தனியா இருக்கேன்னுதான உங்கள நம்பிப் போட்டேன்."

நான் ஏணியில் ஏறினேன். செல்வம் பிடித்துக்கொண்டான். நான்கையும் கழற்றிக் கீழே கொடுத்தேன். அன்றைக்குக் காபி யாருக்கும் வரவில்லை.

விஷயம் தெருவுக்குத் தெரிந்தது. ஆறு வீட்டில் நான்கு வீட்டார் என்னை விட்டுவிட்டார்கள். அவர்கள் செல்வத்தையும் கூப்பிடவில்லை என்று தெரிந்தபோது எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. வெட்கத்தோடு அதையும் எழுதுகிறேன்.

இப்போது அக்கவுன்ட்டை வீட்டுக்காரர் போனில், அவர் நம்பரிலேயே தொடங்குகிறேன். பாஸ்வேர்டு போடும்போது திரும்பி நின்றுகொள்கிறேன். சர்வீஸ் என்றால் நேரில் போகிறேன். பழைய வீடுகளுக்கெல்லாம் போய், அவர்கள் கண் முன்னாலேயே என் போனிலிருந்து நீக்கினேன். இரண்டு பேர் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

செல்வமும் அப்படியே மாறிவிட்டான். 'உங்கள் வீடு உங்கள் போனில் மட்டும்' என்று போர்டே வைத்திருக்கிறான். அதைப் பார்த்த அன்றும் எனக்கு வயிறு எரிந்தது.

பொறாமை என்னை விட்டுப் போகவில்லை. உங்களுக்கும் ஒரு நாள் வரும். அது வருகிற நேரத்தில் அடுத்தவர் வீடு உங்கள் கையில் இருக்கக் கூடாது.