ரெண்டு பிரியா, ஒரு கெமிஸ்ட்ரி மார்க்

அந்த ஏப்ரலில் எங்கள் கெமிஸ்ட்ரி லேபில் அழுகிய முட்டை நாற்றமும் சானிடைசர் வாடையும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. மாஸ்க்கையும் தாண்டி அந்த நெடி ஏறும். கண் எரியும்.

கொரோனா இரண்டாம் அலை தொடங்கிய நேரம். நான் திருவண்ணாமலையில் ஒரு பள்ளியில் டீச்சராகச் சேர்ந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிராக்டிகல் மட்டும் எப்படியோ நடத்தி முடித்தோம். எழுத்துத் தேர்வு தள்ளிப்போனது... பிறகு ரத்தே ஆகிவிட்டது.

அப்போது என் வகுப்பில் இரண்டு ஆர். பிரியாக்கள். ஒருத்தி கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அப்பாவுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விவசாயம். இன்னொருத்தி டவுன் பிரியா. அவள் அப்பா ஆட்டோ ஓட்டினார்.

தேர்வே இல்லாமல் மார்க் எப்படிப் போடுவார்கள் என்று எல்லோரும் குழம்பியிருந்தபோது கணக்கு வந்தது. பத்தாம் வகுப்பில் அதிக மார்க் வாங்கிய மூன்று பாடங்களின் சராசரிக்கு ஐம்பது. பதினொன்றாம் வகுப்புக்கு இருபது. பிளஸ் டூ பிராக்டிகலுக்கும் இன்டர்னலுக்கும் சேர்த்து முப்பது.

அன்று சாயங்காலமே டவுன் பிரியா போன் செய்தாள்.

"மிஸ், பத்தாவது பரீட்சை அப்ப எனக்கு அம்மை போட்டிருந்துச்சு. மார்க் ரொம்ப கம்மி. லெவன்த்ல கெமிஸ்ட்ரி பரீட்சையே நடக்கல, காலாண்டு அரையாண்டு வெச்சுப் போட்டாங்க. எனக்குனு மிச்சம் இருக்கறது லேப் மார்க் மட்டுந்தான். எவ்ளோனு சொல்ல வேணாம் மிஸ். நல்லா வந்திருக்கா, அது மட்டும் சொல்லுங்க."

அவளுக்கு அக்ரி படிக்க ஆசை. கெமிஸ்ட்ரியில் ஒரு மார்க் கூடினாலும் குறைந்தாலும் சீட் மாறும்.

"கவலப்படாதம்மா, சூப்பரா பண்ணியிருக்க" என்றேன். பொய்யில்லை. டைட்ரேஷனில் அவள் கொண்டுவந்த இளஞ்சிவப்பைப் பார்த்து, வெளியிலிருந்து வந்த எக்ஸாமினரே தலையாட்டினார்.

போனை வைத்துவிட்டு, என் திருப்திக்காக, கம்ப்யூட்டரில் ஏற்றிய பட்டியலின் பிரிண்டை எடுத்துப் பார்த்தேன்.

டவுன் பிரியாவுக்கு நேராக இருபத்திரண்டு. கீழ்பென்னாத்தூர் பிரியாவுக்கு முப்பது.

மாற்றி ஏற்றியிருந்தேன். பெயரைப் பார்த்து ஏற்றினேனே தவிர பதிவு எண்ணைப் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் ஹெச்.எம். மேடம் வீட்டு வாசலில் போய் நின்றேன். நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. மேடம் திட்டவில்லை.

"கையால எழுதின ஷீட் இருக்கா?"

"இருக்கு மேடம். எக்ஸாமினர் கையெழுத்தும் இருக்கு."

"அப்ப ஏறி உக்காரு."

ஸ்கூட்டியில் வேங்கிக்கால் பக்கம் இருக்கும் கல்வி அலுவலகத்துக்குப் போனோம். லாக்டவுன் என்பதால் ரோட்டில் ஈ காக்கை இல்லை. இறுதிக் கணக்குப் போடுவதற்கு முன்னால் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அதற்கான நாள் முடிந்துவிட்டதா, இல்லையா என்று மேடத்துக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

அலுவலகத்தில் ஒரு வயதான அண்ணன் இருந்தார். கையெழுத்துத் தாளையும் பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேலை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"இன்னிக்கு வரைக்கும் டைம் இருக்குங்க. இதுல தான் உங்க கையெழுத்தும் எக்ஸாமினர் கையெழுத்தும் தெளிவா இருக்குதே... அப்புறம் இன்னாத்துக்கும்மா அழுவுற?"

மேடம் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். திருத்தம் ஏறியது. வெளியே வந்து வேப்ப மரத்தடியில் இரண்டு பேரும் மாஸ்க்கை இறக்கிவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். மேடம் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆனாலும் மனசில் ஒன்று உறுத்தியது. கீழ்பென்னாத்தூர் பிரியாவுக்கு நான் தப்பாகக் கொடுத்ததை நானே எடுத்தும்விட்டேன். அவளுக்கு இது எதுவுமே தெரியாது. சொல்லாமலும் விட்டிருக்கலாம்... முடியவில்லை. போன் போட்டுச் சொன்னேன்.

அவள் சிரித்தாள்.

"அது எப்படி மிஸ் எனக்கு முப்பது வரும்? நான் சால்ட் டெஸ்ட்ல ஜிங்கை அலுமினியம்னு எழுதிட்டு வந்தேன். எனக்குப் பத்தாவதுல நல்ல மார்க் மிஸ், அது காப்பாத்திடும். அவ தான் பாவம், வகுப்புல அம்மை வடுவ மறைச்சிக்கினே உக்காந்திருப்பா."

ரிசல்ட் வந்த அன்று டவுன் பிரியா கூப்பிட்டாள். பேச முடியாமல் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். "சீட்டு கெடச்சிடும்னு சொல்றாங்க மிஸ்" என்று அவர் இரண்டு தடவை சொன்னார். கிடைத்தது. அக்ரி முடித்து இப்போது வேலையிலும் இருக்கிறாள். கீழ்பென்னாத்தூர் பிரியா பி.எஸ்சி. மேத்ஸ் படித்தாள். அவளுக்கு நான் நடத்திய கெமிஸ்ட்ரி மேல் கடைசி வரை பிரியம் வரவில்லை!

இப்போது எல்லாம் பழையபடி. தேர்வு உண்டு, ஹால் உண்டு, பிட் தேடும் ஃபிளையிங் ஸ்குவாட் உண்டு. இன்டர்னல் பத்து மார்க்கை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. அந்த வருடம் போல, பரீட்சையே எழுதாத பிள்ளைக்காக நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருப்பதும் இல்லை. நல்லதுதான். ஆனால் அன்றைக்குப் போல ஒவ்வொரு பிள்ளையின் மூன்று வருடத்தையும் விரல் விட்டு எண்ணிப் பார்ப்பதும் இல்லை...

போன வாரம் இந்த வருடத்து இன்டர்னல் மார்க்கை ஏற்றி முடித்தேன். பிரிண்ட் எடுத்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். ஒரு பெண் தாளைப் பார்க்காமலே பேனாவை எடுத்தாள்.

"பாத்துட்டுப் போடும்மா."

"நீங்க போட்டா சரியாதான் மிஸ் இருக்கும்."

பேனாவை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அவள் தன் எண்ணைத் தேடிப் படித்து முடிக்கும் வரை திருப்பித் தரவில்லை.