சிவப்பு அடித்த தேசங்கள்

எங்கள் அப்பா தென்னாப்பிரிக்காவில் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தார். என்னையும் அம்மாவையும் புறப்பட்டு வரச் சொல்லிக் கடிதம் வந்தபோது அம்மா பயந்துபோனாள். தைரியம் சொன்னது என் டீச்சரம்மாதான். உலகப் படத்தில் சிவப்பு அடித்த தேசமெல்லாம் நம்மை ஆளும் இங்கிலீஷ் ராஜாவுடையது, பாளையங்கோட்டையிலிருந்து பேட்டைக்குப் போவதுபோல எங்கும் போகலாம் என்று வகுப்பில் அவர் சொல்லாத நாளில்லை. அதையே அம்மாவிடமும் சொன்னார்.

கடல் தாண்டுகிறவர்களுக்கு எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சோறு போடுவார்கள். போய்ச் சேர்ந்த கடிதம் வரும்வரை ஞாயிறுதோறும் கோயிலில் பேர் சொல்லி ஜெபிப்பார்கள். நாங்கள் பன்னிரண்டு வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தூத்துக்குடிக்குப் போனோம். நம்மவர்களை இனி அங்கே இறங்கவிடுவதா வேண்டாமா என்று பெரிய வாதம் நடக்கிறது, இப்போது யாரையும் ஏற்றுவதற்கில்லை என்று கப்பல் ஆபீஸில் திருப்பிவிட்டார்கள்.

தின்ற சோற்றுக்கு என்ன பதில் சொல்வது? ஊர் உறங்கும் மத்தியானத்தில் அம்மா என்னை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. வழிக்குக் கட்டிய அவலைத் தின்றோம். வீடு கோயிலுக்கு நேர் பின்னால். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடற்பயணத்துக்காகச் சபையே உருகி ஜெபித்ததைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டோம். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா வாயைப் பொத்துவதற்குள் சத்தம் வெளியே போய்விட்டது.

ஆராதனை முடிந்ததும் பின்கதவைத் தட்டியவர் டீச்சரம்மா. கோயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவருக்கு என் சிரிப்புக் கேட்டதாம். அம்மா நடந்ததைச் சொன்னாள். அந்த வாரம்தான் பெரிய வாத்தியார் பள்ளியில் அந்த வாதத்தைப் பத்திரிகையிலிருந்து உரக்க வாசித்து, கூலிக்குப் போனவனுக்கு அங்கே என்ன உரிமை என்றிருக்கிறார். டீச்சரம்மா சாக்பீஸை வீசிவிட்டு எழுந்து போயிருக்கிறார்.

"நான் பொய்யைப் படிச்சுக் குடுத்துட்டேன் தாயி. என்னைய மன்னிச்சிரு" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நீங்க என்ன செய்வீங்க டீச்சரம்மா?" என்று அம்மாவும் அழுதாள்.

பெரியவர்கள் அழுதால் எனக்குத் தாங்காது. பாடம் ஒப்பித்தால் டீச்சரம்மாவுக்குச் சந்தோஷம் வரும் என்பது எனக்குத் தெரியும். கைகட்டி நின்று, "சிவப்பு அடிச்ச தேசமெல்லாம் நம்ம தேசம்" என்று கணீரென்று ஒப்பித்தேன். அவர் அழுகை இன்னும் கூடியது.

மறுநாள் அவரே என் கையைப் பிடித்துத் தெரு வழியே பள்ளிக்கு நடத்திப்போனார். கேட்க வாயெடுத்தவர்களிடமெல்லாம், "திருப்பி அனுப்பிட்டானுவ. வெக்கம் அவனுவளுக்குத்தான், இவுகளுக்கு இல்ல" என்றார். பதிவேட்டில் என் பேரை அவர் அடிக்கவே இல்லை. சோற்றைப் பற்றித் தெருவில் ஒருவரும் மூச்சு விடவில்லை. அப்பா திரும்பி வர நாலு வருஷமாயிற்று. அதுவரை நான் படித்ததும், பிறகு நானும் ஒரு டீச்சரானதும் டீச்சரம்மா போட்ட பிச்சை.

நான் பள்ளிக்குத் திரும்பிய நாள் முதல் வகுப்பில் உலகப் படம் சுவரைப் பார்த்துத் திரும்பித் தொங்கியது. இன்ஸ்பெக்டர் வந்து காரணம் கேட்டார். நான் முந்திக்கொண்டு எழுந்தேன்.

"வெயில் பட்டா சிவப்பு வெளுத்துப்போகும்லா, அதான் ஐயா."

இன்ஸ்பெக்டர் மெச்சிக்கொண்டார். டீச்சரம்மா வந்து என் தலையில் கை வைத்தார். அவரைக் காப்பாற்ற நான் சொன்ன பொய் என்றே கடைசிவரை நினைத்திருப்பார். மெய்யாகவே நான் அப்படித்தான் நம்பியிருந்தேன்.