ஒருகொடவத்தையில் ஒரு கல்யாணக் கார்

போன சனிக்கிழமை எனக்கு டிரைவர் உத்தியோகம். நண்பர் அன்ரனியின் மகள் ஷெரினுக்குக் கல்யாணம். மணமகளுக்கு என் பழைய காரைத்தான் அலங்கரித்திருந்தார்கள். இன்னொருவர் கையில் சாவியைக் கொடுக்க மனம் வருமா? நானே ஓட்டினேன்.

அன்ரனியைக் கொழும்பு கொட்டாஞ்சேனையில் தெரியாதவர்கள் குறைவு. செபக்குழுத் தலைவர். உலகம் போகிற போக்கில் கிறிஸ்தவன் போகக்கூடாது என்று மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். மச்சானின் கடை வாசலில் தொங்கிய எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் தன் கையாலேயே அறுத்து எறிந்தவர். மச்சான் இன்னும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

பாதர் தந்தது ஒன்பதரை மணிப் பூசை. கண்டிப்பாகச் சொல்லியும்விட்டார் — பின்னாலேயே இன்னொரு கல்யாணம் இருக்கிறது, பிந்தினால் பாட்டுப்பூசை கிடையாது, மோதிரம் மாற்றி ஆசீர்வாதம் மட்டும்தான். ஷெரினுக்கோ அந்தப் பூசைதான் எல்லாம். சின்ன வயதிலிருந்தே பாடகர் குழுவில் நின்று ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் பாடிய பிள்ளை. தன் கல்யாணப் பாட்டுகளைத் தானே தெரிவுசெய்து, தானே பழக்கியிருந்தாள்.

கோயில் வாசல் தெரிந்தது. சிக்னல் போட்டேன்.

"அண்ணை, நேர விடுங்கோ," என்றார் பின்சீட்டிலிருந்து அன்ரனி.

"ஏன்?"

"கமராக்காரன் வரேல்லையாம்... ஒருக்கா சுத்திக்கொண்டு வருவம்."

கமராக்காரர் வாசலில் நின்று எங்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்!

பெண்ணின் தகப்பன் சொன்னால் டிரைவர் கேட்க வேண்டாமா? நேரே விட்டேன்.

துறைமுகத்துக் கொன்டெய்னர்கள் வந்துபோகிற ஒருகொடவத்தைப் பக்கம் போனோம். லொறிகளுக்கு நடுவே பூச்சோடித்த கார்... லொறிக்காரர்கள் ஹோர்ன் அடித்து வாழ்த்தினார்கள். அன்ரனி ஒரு கையில் செபமாலையை உருட்டியபடி மறு கையில் மணிக்கூட்டைப் பார்த்தார்.

ஷெரின் மெதுவாகக் கேட்டாள். "அப்பா, இண்டைக்குச் சனிக்கிழமை. ராகு காலம் பத்தரைக்குத்தானே முடியுது?"

செபமாலை இன்னும் வேகமாக உருண்டது.

"பயமெண்டா முதலே பாதரிட்டச் சொல்லி நேரத்தை மாத்தியிருக்கலாமே?"

"இதை எப்பிடியம்மா பாதரிட்டச் சொல்லுறது? எனக்கு இதில நம்பிக்கை இல்லை... உனக்கு ஒண்டும் வந்திடக்கூடாது, அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது. கடவுளை நம்புகிற மனிதர்தான். சொந்தப் பிள்ளை என்றதும், பக்கத்தில் இன்னொரு இன்சூரன்ஸும் இருக்கட்டுமே என்று நினைத்துவிட்டார். நம்மில் எத்தனை பேர் வேறு மாதிரி?

"அங்கிள், கோயிலுக்கு விடுங்கோ..." ஷெரினின் குரல் உடைந்திருந்தது.

திருப்பினேன். திருப்பிய இடத்தில், கொன்டெய்னர் யார்ட் மதிலோரம், இன்னொரு பூச்சோடித்த கார்! உள்ளே கோட்டும் சூட்டுமாக எங்கள் மாப்பிள்ளை. பக்கத்தில் அவருடைய தகப்பன் — வெள்ளவத்தைக்காரர், அந்தப் பக்கத்துச் செபக்குழுவின் தூண் — மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்பந்திகள் இருவரும் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்கள்.

"சரியான ட்ராபிக்," என்றார் அவர்.

"ஓமோம், சரியான ட்ராபிக்," என்றார் இவர்.

திரும்பும் வழியில் நிஜமாகவே ட்ராபிக். போய்ச் சேர்ந்தபோது அடுத்த மணப்பெண் வாசலில் காத்திருந்தாள். பாதர் சொன்னபடியே செய்தார். மோதிரம், ஆசீர்வாதம், முடிந்தது. பாடகர் குழு பாட்டுத் தாள்களை மடித்து வைத்தது. ஷெரின் அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்றார்கள் விருந்தினர்கள்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, அண்ணை. ஆண்டவருக்குத்தான் நன்றி," என்றார் அன்ரனி.

நான் பலிபீடத்துக்கு மேலே இருந்த சிலுவையைப் பார்த்தேன். ராகு காலம் முழுக்க அவர் அங்கேயேதான் இருந்திருக்கிறார். பாவம், எங்களைப் போல ஒரு சுற்றுச் சுற்றிவர அவரால் முடியுமா — ஆணி அடித்தல்லவா வைத்திருக்கிறோம்!